மகலனோபிஸும் இரு கணிப்பொறிகளும்

பவானிபூரில் நம் அறையில் நேற்றும் விண்டோஸா லினக்ஸா என்று நள்ளிரவு வரை சண்டை, சோறு ஆறிப்போயிற்று. நண்பர்காள், இதற்கு இந்நகரிலேயே ஒரு முன்கதை உண்டு.

கல்கத்தாவில் 1893-இல் பிறந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் பௌதிகம் பயின்று, பிரெசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். எண்களின் மீது மையல் கொண்டு 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பால் கணக்குகள் மலையெனக் குவிந்தன. பாராநகருக்கு 1956-இல் ஆங்கிலேயரின் எச்.இ.சி. 2எம் வந்தது, பின்னர் சோவியத்தின் உரால். ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றொன்றுக்கு விளங்காது! உலகம் இரு முகாமாய்ப் பிரிந்திருந்த நாளில் இருவரிடமும் பொறி பெற்ற துணிவையே நான் பெரிதென்பேன். ஆயினும் 1964-இல் அமெரிக்காவின் சி.டி.சி. 3600, போட்டியாளரான பாபாவின் பம்பாய் நிலையத்துக்கே சென்றது. 1972 ஜூன் 28-இல், பிறந்தநாளுக்கு முதல்நாள், மகலனோபிஸ் மறைந்தார்.