இல்லறத்தின் திருவிளக்கு அன்னை கஸ்தூரிபாய்

மானிடப் பிறவியில் வாய்க்கும் பேறுகளுள் நல்ல வாழ்க்கைத் துணையும் ஒன்று என்பது ஆன்றோர் கொள்கை. அத்துணை மறைந்தபின் அவரை எவ்வாறு போற்றுவது என்பதற்கு அண்ணல் காந்தியடிகளின் இல்லறம் நல்லதொரு பாடமாகும்.

கஸ்தூரிபாய் 1869ஆம் ஆண்டு குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். அதே ஊரில் அதே ஆண்டில் பிறந்த மோகன்தாஸ் காந்தியைத் தம் இளம் பருவத்திலேயே மணந்து, நான்கு ஆண்மக்களுக்குத் தாயானார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அவ்வில்லறம் தொடக்கத்தில் இனிமையே நிறைந்ததன்று. 1898ஆம் ஆண்டு டர்பனில், வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் கழிவுக்கலத்தை முகமலர்ச்சியுடன் சுமக்குமாறு கணவர் வற்புறுத்த, அம்மையார் கண்ணீர் வடித்தார். சினங்கொண்ட காந்தியடிகள் மனைவியின் கைபற்றி வாயில்வரை இழுத்துச் சென்றார். அயல்நாட்டில் தமக்கு வேறு புகலிடம் ஏது என்று அம்மையார் கேட்டபோதுதான் அவர் நாணினார். பின்னாளில் அப்பிழையை மறைக்காது தம் வரலாற்றிலேயே பதிவு செய்தார்.

கேரி தீவு போன்ற தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்ததைப் போலவே, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர் பலர் கடல் கடந்து சென்றிருந்தனர். 1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. அக்கினி சாட்சியாகக் கைப்பிடித்த மனைவியரின் நிலை என்னாவது? இதனைக் கேட்டுக் கொதித்தெழுந்த கஸ்தூரிபாய் போராட்டத்தில் இறங்கி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை ஏற்றார். அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பெற்று, நம்மவர் திருமணங்கள் ஏற்கப்பட்டன.

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தம்பதியர் இருவரும் பூனா ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டனர். அங்கும் அம்மையார் துளசி வழிபாட்டைக் கைவிடவில்லை. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், மகா சிவராத்திரித் திருநாளன்று, கணவரின் மடியில் தலைவைத்தவாறு இறைவனடி சேர்ந்தார். வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பது ஆண்டுகள் கழிந்த நாள் அது. காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலையே அம்மையாருக்கு இறுதி ஆடையாயிற்று. சிதை எரிந்து அடங்கும்வரை அவர் அவ்விடம் விட்டு அகலவில்லை. சாம்பலில் அம்மையாரின் கண்ணாடி வளையல்கள் உடையாமல் கிடைத்தன என்பர்.

அதன்பின் மாதந்தோறும் 22ஆம் நாளன்று கீதை பாராயணம் செய்து துணைவியாரை நினைவுகூர்ந்தார் அண்ணல். நாட்டு மக்களோ அம்மையார் பெயரால் 75 லட்ச ரூபாய் திரட்ட முனைந்தனர். அந்நிதி சிற்றூர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே பயன்பட வேண்டும் என அண்ணல் விரும்பினார். அவ்வாறே கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை தோன்றியது.

இளமையில் மனைவியை வாயில்வரை இழுத்துச் சென்ற கரங்களே முதுமையில் அவர் தலையைத் தாங்கின. துணை அருகிலிருக்கும்போதே அவர் அருமையை உணர்தலும், மறைந்தபின் அவர் பெயரால் பிறர் துயர் துடைத்தலுமே இல்லறத்தார்க்கு உரிய மெய்யான வழிபாடாகும்.