கொலம்பஸின் மகன் விட்டுச்சென்ற பட்டியல்

அமெரிக்காவைச் சென்றடைந்த கொலம்பஸின் பெயரைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆனால், அவரது இளைய புதல்வர் ஹெர்னாண்டோ கொலோனை ஐரோப்பாவின் நூலக வரலாற்றைக் கற்றோரே பெரிதும் நினைவுகூருகின்றனர். தந்தை கடல்களைக் கடந்து நிலங்களைத் தேடினார். மகனோ உலகில் அச்சான அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் திரட்ட முற்பட்டார். உலகின் பெரும் நூதனசாலைகள் தமது பழைய சித்திரங்களைக் கணினிமயப்படுத்தி வரும் இக்காலத்தில், இம்மனிதரின் வாழ்வு நமது கவனத்துக்குரியதாகின்றது.

ஹெர்னாண்டோ 1488 ஆம் ஆண்டு ஸ்பெயினின் கோர்டோபா நகரிற் பிறந்தார். முஸ்லிம் ஆட்சியின்போது, பத்தாம் நூற்றாண்டிலே கலீபா இரண்டாம் அல் ஹகமின் மாபெரும் நூலகத்தாற் புகழ் பெற்றிருந்த நகரம் அது. கொலம்பஸ் முறைப்படி மணந்து கொள்ளாத பெண்ணின் மகனாயினும், அவர் அரசவையில் பணியாளராக வளரும் வாய்ப்பைப் பெற்றார். 1502 இல், தமது பதின்மூன்றாவது வயதில், தந்தையின் நான்காவதும் இறுதியுமான கடற்பயணத்தில் இணைந்து கொண்டார். கப்பல்கள் பழுதடைந்தமையால் ஏறத்தாழ ஓராண்டு காலம் ஜமெய்க்காவின் கரையில் சிக்கித் தவித்த அனுபவமும் அவருக்குண்டு.

அதே நாட்டில், அவரது சிறுபராயத்தில் நடந்தேறிய மற்றொரு நிகழ்வையும் இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. 1492 இல் கிரனடா வீழ்ந்த பின்னர், அந்நூற்றாண்டு முடிவடையும் தறுவாயில், அந்நகரத்து முஸ்லிம்களின் அரபு நூல்கள் திரட்டப்பட்டுப் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. ஒரு சமூகத்தின் ஏடுகள் சாம்பலாக்கப்பட்ட தேசத்திலேயே, எந்த ஏடும் அழியலாகாது என்று எண்ணிய ஒருவரும் வளர்ந்து வந்தார் என்பது வரலாற்றின் முரணாகும்.

வளர்ந்த பின் இத்தாலி, ஜேர்மனி, நெதர்லாந்து என ஐரோப்பாவெங்கும் பயணம் செய்து அவர் நூல்களை வாங்கினார். அறிஞர் போற்றும் பெருநூல்களோடு அவர் நின்றுவிடவில்லை. தெருவில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட துண்டுப் பிரசுரங்களும் பாட்டுப் புத்தகங்களும் அவருக்குப் பெறுமதி மிக்கனவாகவே தோன்றின. வாங்கிய நூலில் எந்த ஊரில், எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்பதைத் தம் கைப்படவே எழுதி வைப்பது அவரது வழக்கமாயிருந்தது. 1521 இல் வெனிஸ் நகரில் வாங்கிய 1,600 க்கும் மேற்பட்ட நூல்கள் மறு ஆண்டில் கப்பலோடு கடலில் மூழ்கின. எனினும், அவற்றின் பட்டியல் அவரிடம் எஞ்சியிருந்தது. இழந்தவை எவையென அறிந்திருந்தமையாலேயே அவற்றை மீண்டும் தேடி வாங்க அவரால் முனைய முடிந்தது.

நூல்களோடு அச்சுச் சித்திரங்களையும் அவர் திரட்டினார். மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ செதுக்கி, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுக்கப்படுபவை அச்சித்திரங்கள். அவற்றை மக்கள் சுவரில் ஒட்டுவர்; கிழிந்ததும் எறிந்துவிடுவர். அவ்வாறானவற்றை 3,200 வரையில் அவர் சேர்த்திருந்தார். அக்காலத்தில் இத்தகைய தொகுப்பு மிக அரிது.

இத்துணை தாள்களுக்கிடையே, கடையிற் காணும் ஒரு சித்திரம் தம்மிடம் ஏற்கனவே உள்ளதா என அறிவது எங்ஙனம்? பெரும்பாலானவற்றில் தலைப்பு இல்லை. கலைஞரின் பெயரும் இல்லை. இதற்கு அவர் கண்ட வழி வியக்கத்தக்கது. முதலில் தாளின் அளவைக் கொண்டு சித்திரங்கள் வகுக்கப்பட்டன. அடுத்து மனிதரா, விலங்கா, உயிரற்ற பொருளா, நிலக்காட்சியா என்று பார்க்கப்பட்டது. மனிதராயின் எத்தனை பேர், ஆணா பெண்ணா, ஆடையுடனா ஆடையின்றியா, புனிதரா சாதாரணரா என்று வகுப்பு மேலும் நுணுகியது. இறுதியில், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் சிறு அடையாளங்களும் எழுதப்பட்டன. இன்று கணினித் தேடலில் நாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவு செய்யும் முறையை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் காகிதத்தில் அமைத்து விட்டார் எனலாம்.

1539 ஜூலை 12 ஆம் திகதி செவில் நகரில் ஹெர்னாண்டோ காலமானார். சுமார் 15,000 நூல்களைக் கொண்ட அவரது நூலகம் அண்ணன் மகன் லூயிஸுக்கு உரித்தாயிற்று. அவருக்கோ அதில் அக்கறை இருக்கவில்லை. துறவியர் மடமொன்றுக்கு மாற்றப்பட்ட நூல்கள், 1552 இல் செவில் பேராலயத்தை வந்தடைந்தன. பழைய பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்தது அப்பேராலயம். பள்ளிவாசலின் மினாரா இன்றும் அதன் மணிக்கோபுரமாக நிற்கின்றது. பராமரிப்பின்மையாலும் திருட்டினாலும் சமய விசாரணை மன்றத்தின் தடைகளாலும் நூலகம் தேய்ந்தது. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 4,000 நூல்களே. அச்சுச் சித்திரத் தொகுப்போ முற்றாக மறைந்துபோயிற்று.

ஆயினும் சித்திரங்களின் கையெழுத்துப் பட்டியல் செவிலில் தப்பிப் பிழைத்தது. அதிலுள்ள விபரிப்புகளை உலகின் பல்வேறு சேகரிப்புகளில் உள்ள சித்திரங்களோடு ஆய்வாளர்கள் பொறுமையுடன் ஒப்பிட்டனர். அம்முயற்சியின் பயனாக, அவர் வைத்திருந்தவற்றுள் பல எவையென இனங்காணப்பட்டன. அந்த ஆய்வை 2004 இல் பிரித்தானிய நூதனசாலை வெளியிட்டது. 2019 இல் மற்றொரு செய்தியும் வந்தது. அவரது நூல்களின் சாரத்தைத் தொகுத்துரைக்கும், சுமார் 2,000 பக்கங்கள் கொண்ட கையெழுத்துப் பிரதியொன்று டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் இனங்காணப்பட்டது. அழிந்த நூல்கள் சிலவற்றின் உள்ளடக்கத்தை அறிய அது வழி திறந்துள்ளது.

இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலை 2012 முதல் தனது சித்திரங்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்க இடமளித்து வருகின்றது. 2020 இல் புதுப்பிக்கப்பட்ட பிரித்தானிய நூதனசாலையின் இணையத்தளம் 19 இலட்சம் அளவிலான படங்களுடன் திறக்கப்பட்டது. செல்வரும் அறிஞரும் மட்டுமே தொட்டுப் பார்த்த தாள்களை ஒரு கிராமத்துப் பிள்ளையும் காணக்கூடியதாயிருப்பது பெரும் பேறு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், படம் பிடிப்பது மாத்திரம் பாதுகாப்பாகி விடாது. பெயரும் ஆண்டும் ஊரும் விபரிப்பும் இன்றிக் கணினியில் கொட்டப்படும் ஆயிரம் படங்கள், மூட்டை கட்டிப் பரணில் போடப்பட்ட தாள்களுக்கு ஒப்பானவை. தேடுவோர் கைக்கு அவை எட்டுவதில்லை. ஹெர்னாண்டோவின் வாழ்வு இதற்கு நேர்மாறான உண்மையை உணர்த்துகின்றது. அவரிடமிருந்த சித்திரங்கள் அனைத்தும் போயின. அவற்றைப் பற்றிய சொற்கள் நின்றன. அச்சொற்களே சித்திரங்களை மீட்டுத் தந்தன. ஆவணப்படுத்தலுக்கென நிதியும் ஆளணியும் ஒதுக்குவோர், கருவிகளுக்குச் செலவிடும் அளவுக்கு விபரிக்கும் பணிக்கும் செலவிட முன்வர வேண்டும். தாளை நெருப்பும் நீரும் கொண்டுபோகலாம். அத்தாளில் என்ன இருந்தது என்பதை எழுதி வைக்காமல் விடுவது மட்டும் முற்றிலும் நமது குற்றமேயாகும்.