மீன் மாதிரி ஒரு கார் செய்தவர் – பக்மின்ஸ்டர் ஃபுல்லர்



மேல் வகுப்பு வேதியியலில் கார்பன் பாடம் படிக்கிற அண்ணன், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். கால்பந்து மாதிரி ஒரு மூலக்கூறு படத்தைக் காட்டுவார்கள். அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்து அது. பெயர் பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன். இவ்வளவு நீளப் பேர் எப்படி வந்தது? அது ஒரு மனிதரின் பெயர். அவர் வேதியியல் மேதை கிடையாது. கல்லூரிப் படிப்பையே முடிக்காதவர். ஆனால் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓட வேண்டும் என்று ஒரு வினோதமான காரைப் பட்டறையில் செய்து பார்த்தவர்.

பட்டாணியும் பல்குச்சியும்

ரிச்சர்ட் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1895 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்ட்டன் என்ற ஊரில் பிறந்தார். எல்லோரும் செல்லமாக பக்கி என்பார்கள். சின்ன வயதில் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடி போட்ட பிறகுதான் உலகமே தெளிவாச்சு.

மழலையர் பள்ளியில் ஒரு நாள் பட்டாணியும் பல்குச்சியும் கொடுத்து ஏதாவது கட்டச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் வீடு மாதிரி சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். பக்கிக்குக் கண் தெரியாததால் கையால் தடவிப் பார்த்துக் கட்டினார். சதுரத்தை அமுக்கினால் கோணிக்கொள்ளுது, முக்கோணம் மட்டும் அசையாமல் நிற்குது என்று விரல் சொன்னது. முக்கோணமாகவே கட்டி முடித்தார். இந்தப் பட்டாணிக் கதையை மறந்துடாதீங்க, பின்னால் வரும்.

கோடை விடுமுறைக்குக் கடலுக்குள் இருக்கும் பேர் ஐலண்ட் என்ற தீவுக்குப் போவார்கள். துடுப்புப் போட்டால் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அது பக்கிக்குப் பிடிக்கவில்லை. ஜெல்லி மீன் நீந்துவதைப் பார்த்து, ஒரு கம்பின் நுனியில் குடை மாதிரி விரிந்து சுருங்கும் ஒன்றைக் கட்டினார். இழுத்தால் சுருங்கும், தள்ளினால் விரிந்து தண்ணீரைப் பிடிக்கும். படகு முன்னால் போகும்!

விழுந்த நாட்கள்

1913ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தேர்வுக்குப் போகாமல் ஊர் சுற்றிப் பணத்தைச் செலவழித்ததால் வெளியே அனுப்பினார்கள். மறுபடி சேர்ந்தார். படிப்பில் அக்கறை இல்லை என்று மறுபடியும் அனுப்பினார்கள்! இடையில் கனடாவில் ஒரு துணி ஆலையில் மெக்கானிக் வேலை பார்த்தார். அங்கேதான் இயந்திரங்களைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார். முதல் உலகப் போரில் கடற்படையில் இருந்தார்.

1917ல் ஆன் ஹியூலெட் என்பவரை மணந்தார். முதல் மகள் அலெக்ஸாண்ட்ரா நோயில் படுத்து, நான்கு வயது நிறையும் முன்னே 1922ல் இறந்துவிட்டாள். அந்தத் துக்கம் அவரை விடவே இல்லை. மாமனாரோடு சேர்ந்து நடத்திய கட்டுமானக் கம்பெனியிலும் 1927ல் இடம் போச்சு. அப்போது கையில் காசு இல்லை, வீட்டில் பிறந்த குழந்தை. மிச்சிகன் ஏரிக்கரையில் மனம் உடைந்து நின்றதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஒரு முடிவோடு திரும்பினார். ஒரு சாதாரண மனிதன் உலகத்துக்கு என்ன செய்ய முடியும் என்று தன் வாழ்க்கையையே சோதனையாக வைத்துப் பார்ப்பது என்பதே அந்த முடிவு.

காற்று செய்யும் வேலை

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? அதே காற்றுதான் காரையும் பிடித்துத் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் தடை நான்கு மடங்கு ஆகும். அதைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சினுக்கு எட்டு மடங்கு திறன் வேண்டும். எல்லாம் பெட்ரோல்தான்.

அந்தக் காலத்துக் கார்கள் பெட்டி மாதிரி இருந்தன. கண்ணாடி நிமிர்ந்து நிற்கும், விளக்கும் மட்கார்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முன்பக்கம் மட்டுமில்லை, பின்பக்கமும் முக்கியம். சட்டென்று வெட்டினாற்போல முடிந்தால், பின்னால் காற்று சுழன்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். மீனைப் பாருங்கள். தலை உருண்டை, வால் பக்கம் மெல்ல மெல்லக் குறுகும். எட்மண்ட் ரும்ப்ளர் என்பவர் 1921லேயே பெர்லின் கண்காட்சியில் துளி வடிவக் கார் ஒன்றைக் காட்டியிருந்தார். ஃபுல்லர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

1933ல் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு பழைய கார்த் தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்தார். துணைக்கு வந்தவர் ஸ்டார்லிங் பர்ஜெஸ். இவர் பந்தயப் படகு வடிவமைப்பவர். சிற்பி இசாமு நொகுச்சி பிளாஸ்டரில் மாதிரிகள் செய்து கொடுத்தார். மரச் சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, கூரைக்குக் கித்தான். சக்கரங்கள் உடம்புக்குள் மறைந்திருந்தன. நீளம் ஏறக்குறைய 6 மீட்டர், உட்காருவது 11 பேர், சக்கரம் மூன்றே மூன்று! ஃபோர்டு எஞ்சின் பின்னால். முன்சக்கரம் இரண்டும் வண்டியை இழுக்கும், பின்சக்கரம் ஒன்று மட்டும் திரும்பும், படகின் சுக்கான் மாதிரி. நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். பெயர் டைமாக்ஸியான் கார். தன் பிறந்த நாளான 1933 ஜூலை 12 அன்றே ஓட்டிக் காட்டினார். கூட்டம் கூடிவிட்டது.

கேலனுக்கு 30 மைல் போகும் என்பது ஃபுல்லர் தரப்புக் கணக்கு. அதாவது லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்கு மேல். இன்றைக்கு இது பெரிசில்லை. ஆனால் அன்றைக்கு, அவ்வளவு பெரிய வண்டிக்கு, அது பெரிய பேச்சு.

ஒரு உயிர்

1933 அக்டோபர் 27. சிகாகோ உலகக் கண்காட்சி வாசல் அருகே அந்தக் கார் விபத்தில் சிக்கி உருண்டது. டிரைவர் இறந்தார். பயணிகள் இரண்டு பேருக்குப் பலத்த காயம். விபத்தில் சம்பந்தப்பட்ட இன்னொரு காரை நிருபர்கள் வரும் முன்பே எடுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் இந்தப் புதுக் காரையே குற்றம் சொல்லின. விசாரணையில் காரின் வடிவமைப்பு காரணமில்லை என்று வந்தது.

அதனால் கார் குறையே இல்லாதது என்று சொல்ல முடியுமா? முடியாது. வேகம் கூடும்போது காற்று வாலைத் தூக்கப் பார்க்கும். தூக்கினால் பின்சக்கரத்தின் பிடி குறையும். திருப்புவதே அந்தச் சக்கரம்தானே! பக்கக் காற்று அடித்தாலும் வண்டி இழுத்துக்கொண்டு போகும். ஃபுல்லருக்கும் இது தெரியும். பழகாதவர்கள் கையில் அதைக் கொடுக்க அவர் தயங்கினார். மூன்று கார்களோடு 1934ல் எல்லாம் நின்றது. குடும்பச் சொத்தாக வந்த பணமும் அதில் கரைந்தது. இன்று மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, நெவாடா மாநிலம் ரீனோ நகர அருங்காட்சியகத்தில்.

மறுபடி முக்கோணம்

அவர் சோர்ந்து உட்காரவில்லை. முக்கோணங்களைக் கோத்துத் தூண் இல்லாத குவிமாடம் கட்டலாம் என்று கணக்குப் போட்டார். 1948ல் மாணவர்களோடு கட்டிய முதல் பெரிய குவிமாடம் எழுந்து நிற்கவே இல்லை. அடுத்த வருடம் கட்டியது நின்றது. 1953ல் ஃபோர்டு கம்பெனியே தன் கட்டிடத்துக்கு அவரிடம் கூரை கேட்டது. 1967ல் மான்ட்ரியல் கண்காட்சிக்கு அவர் வடிவமைத்த குவிமாடத்தின் விட்டம் 76 மீட்டர். பல்குச்சியில் ஆரம்பித்தது எங்கே வந்து நின்றது பார்த்தீர்களா!

1983 ஜூலை 1 அன்று, 87 வயதில் மறைந்தார். நினைவில்லாமல் கிடந்த மனைவி ஆனும் ஒன்றரை நாளில் போய்விட்டார். 1985ல் அறுபது கார்பன் பந்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர்களுக்கு 1996ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் பல நாடுகளில் ஆர்வலர்கள் அட்டையும் தகடும் வெட்டித் தங்கள் காருக்கு வால் ஒட்டி, சக்கரத்தை மூடி, மைலேஜ் அளந்து பார்க்கிறார்கள். நம் ஊரில் அனுமதி இல்லாமல் வண்டியின் வடிவத்தை மாற்றக் கூடாது. ஆனால் காரின் கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றி வைக்கலாமே! அதுவும் காற்றுத் தடையைக் குறைக்கும். ஃபுல்லர் கதை சொல்வது இதுதான்: பெட்ரோல் மிச்சமாகணும், ஆள் பத்திரமா வீடு சேரணும். இரண்டும் சேர்ந்தால்தான் அது நல்ல வண்டி.

செய்து பாருங்கள்! (பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்)
எரியும் மெழுகுவத்திக்கு முன்னால் ஒரு உருண்டைப் பாட்டிலை வைத்து, பாட்டிலுக்கு இந்தப் பக்கமிருந்து ஊதுங்கள். சுடர் அணைந்துவிடும். பாட்டிலுக்குப் பதில் அதே அகலத்தில் தட்டையான அட்டையை வைத்து ஊதுங்கள். சுடர் அட்டையை நோக்கியே சாயும்! ஏன் என்று கண்டுபிடித்துவிட்டால், பெட்டி வடிவக் காரை எது பின்னால் இழுக்கிறது என்பதும் புரிந்துவிடும்.