கணுக்கால்களைக் காத்த கொல்லிமலை டாக்டர்

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே தண்ணீரில் இறங்கி நடப்பவர் காலில் கிளிஞ்சல் குத்தினால் என்ன செய்வார்? சட்டென்று காலைத் தூக்குவார். இரண்டு நாள் நொண்டி நடப்பார். புண் ஆறிவிடும்.

வலியே தெரியாவிட்டால்? குத்திய காலையே ஊன்றி நடப்பார். புண் எலும்பு வரை போகும்!

தொழுநோயாளிகளின் கால்கள் இப்படித்தான் கெட்டன. அதைக் கண்டுபிடித்து, வெட்டி எறிய இருந்த கால்களை நடக்க வைத்தவர் டாக்டர் பால் பிராண்ட்.

தச்சர் டாக்டரானார்

பிராண்ட் வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ம் ஆண்டு. பெற்றோர் அங்கே ஊழியம் செய்துவந்தார்கள்.

ஒன்பது வயதில் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பிராண்ட் முதலில் கற்றது தச்சு வேலையும் கட்டட வேலையும். டாக்டர் படிப்பு பிறகுதான். மரத்தை இழைத்த கை பின்னாளில் எலும்பை இழைத்தது!

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

இரும்புப் பிடி

1947-ல் செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். டாக்டர் காக்ரேன் சுற்றிக் காட்டினார். எங்கும் மடங்கிய விரல்கள், புண்பட்ட பாதங்கள்.

ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். அந்த மடங்கிய கை இரும்பாகப் பிடித்தது. பிராண்டுக்கு வலி தாங்கவில்லை!

அப்படியானால் தசைகள் எல்லாம் சாகவில்லை. நல்ல தசையை எடுத்து, செத்த தசையின் வேலையைச் செய்ய வைக்கலாமே? அந்த யோசனையில் பிறந்ததுதான் அவருடைய கை ஆபரேஷன். கால் பின்னால் வந்தது. முன்பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கணுக்காலின் உட்புறம் உள்ள தசைநாரை முன்பக்கம் மாற்றித் தைத்தார்கள். தொங்கிய பாதம் நிமிர்ந்தது.

கணுக்கால் நொறுங்குவது ஏன்?

மூட்டுக்குள்ளே எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இளநீர் வழுக்கைபோல வழவழப்பானது. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். நமக்கானால் உயிர் போகும், படுத்துவிடுவோம்.

உணர்ச்சி இல்லாதவர் என்ன செய்வார்? சந்தைக்கு நடப்பார், மூட்டை தூக்குவார். சிறு விரிசல் பெரிதாகும். கடைசியில் கணுக்கால் எலும்புகள் நொறுங்கிவிடும்.

நோய்தான் எலும்பைத் தின்கிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். நோய் தின்பது நரம்பை. எலும்பை உடைப்பது நடை என்று பிராண்ட் காட்டினார். 1966-ல் ஹாரிஸ் என்ற டாக்டருடன் சேர்ந்து, பாத எலும்புகள் சிதையும் விதங்களை எழுதி வெளியிட்டார்.

வைத்தியம்? ஆரம்பத்திலேயே கண்டால் மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் ஓய்வு. மூட்டு கெட்டுப்போனால் ஆபரேஷன். மிச்சமுள்ள குருத்தெலும்பைச் செதுக்கி எடுத்து, எலும்பையும் எலும்பையும் பொருத்தி ஒன்றாக வளரவிடுவார்கள். மூட்டு பிறகு மடங்காது. ஆனாலும் சொந்தக் கால்!

நடக்க ஆரம்பித்த பிறகு மெத்தென்ற ரப்பர் செருப்பு. அதைச் சரியாகச் செய்யப் பிராண்ட் பட்ட பாடு, கத்தியோடு பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல.

ஊசி குத்திய இரவு

ஒரு முறை அமெரிக்காவிலிருந்து கப்பலில் லண்டன் வந்தார். ரயில் பயணம் முடிந்து காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை!

தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று நினைத்தார். மனைவி மார்கரெட்டும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள்? இரவு முழுவதும் தூக்கமில்லை.

விடிந்ததும் மீண்டும் குத்தினார். வலித்தது! அலறிவிட்டார். காய்ச்சலோடு ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவர் கண்ட பாடம், சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் பயன்பட்டது. 2003 ஜூலை 8-ந்தேதி, 88-வது வயதில் சியாட்டில் நகரில் காலமானார். அவருடைய தாய் ஏவலின் முதுமையிலும் நம் மலைவாசிகளுக்கே தொண்டு செய்து வாழ்ந்தவர்.