பாண்டித்துரைத் தேவர்

நம் கொடைரோட்டில் இரயிலேறித் தெற்கே சென்றால் மதுரையை அடையலாம். சங்கம் வளர்த்த அந்நகருக்கு ஒருகால் சொற்பொழிவாற்ற வந்தார் பாலவனத்தம் நிலக்கிழார் பாண்டித்துரைத் தேவர். பார்த்துக்கொள்ளத் திருக்குறட் பிரதியொன்று வேண்டினார். ஊரெல்லாம் தேடியும் எளிதிற் கிடைத்திலது. அச்செய்தி அவர் நெஞ்சைச் சுட்டது. ஆயினும், பிறரைக் குறைகூறி அவர் வாளா இருந்தாரல்லர். 1901இல் மதுரையிற் கூடிய சென்னை மாகாண அரசியல் மாநாட்டிலேயே தமிழ்ச் சங்கம் காணும் எண்ணத்தை வெளியிட்டார். அரசியல் மேடையில் தமிழுக்கு இடம் தேடிய துணிவு பெரிதன்றோ! அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் சங்கம் தோன்றியது. நூல்நிலையம் எழுந்தது, பழஞ்சுவடிகள் அச்சேறின, இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு ‘செந்தமிழ்’ இதழ் வெளிவந்தது. 1906இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனிக்கும் தேவரே தலைவரானார். 1867இல் பிறந்த அவர், 1911இல் தம் 44ஆம் வயதிலேயே மறைந்தார். சங்கமோ இன்றும் மதுரையில் உளது.