தந்தையைத் தேடிச் சென்றவரும் தாய்க்கு எழுந்த திருக்கோயிலும்

இல்லம் துறந்த அருளாளர் வரலாறுகள் நம் சமயத்தில் பல. துறந்து சென்றவர் தம்மை ஈன்ற தாய்க்குத் திருக்கோயில் எழக் கண்ட வரலாறோ மிக அரிது. திருவண்ணாமலை ஸ்ரீ ரமண மகரிஷிகளின் வரலாறு அத்தகையது.

பாண்டி நாட்டுத் திருச்சுழியில் சுந்தரமையர்க்கும் அழகம்மையார்க்கும் 1879 டிசம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் வேங்கடராமன். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். மதுரையில் சிற்றப்பனார் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். 1896 ஜூலையில் மரண அச்சம் ஒன்று திடீரெனப் பற்ற, உடல் மாயினும் தான் மாய்வதில்லை என்னும் தெளிவு உண்டாயிற்று. அதன்பின் படிப்பில் உள்ளம் பொருந்தவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 29, சனிக்கிழமை. தண்டனையாக விதிக்கப்பெற்ற இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவர், அதனை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படியிருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கென்று தமையனார் கடிந்தார். அச்சொல்லே உபதேசமாயிற்று. பள்ளியில் தனி வகுப்பு உண்டெனக் கூறி எழுந்தார். தமையனார் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டினைக் கடிதத்துடன் வைத்தார். தந்தையின் ஆணைப்படி அவரைத் தேடிச் செல்வதாகவும், தம்மை எவரும் தேட வேண்டாமென்றும் எழுதினார், கையொப்பம் இடவில்லை. வயது பதினாறு, வழியும் முன்பின் அறியாதது.

புகைவண்டியில் விழுப்புரம் வந்தார். எஞ்சிய காசு மாம்பழப்பட்டு வரையே போதியது. அங்கிருந்து நடந்து அறையணிநல்லூர்த் திருக்கோயிலை அடைந்தார். அடுத்துக் கீழூரில் பசியால் சோர்ந்தவரை ஒரு பாகவதர் இல்லத்தார் உணவளித்து ஓம்பினர். அங்கே காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1ஆம் நாள் அண்ணாமலையார் திருமுன் நின்றார்.

அன்னையார் பட்ட துயரம் சிறிதன்று. 1898 டிசம்பரில் பவழக்குன்றில் மகனைக் கண்டு, பல நாள் அழுது அழைத்தார். மகனார் வாய் திறந்தாரில்லை. அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், மௌனமே நன்று என்னும் கருத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அன்னையார் தனியே திரும்பினார். இதனைக் கேட்போர்க்குக் கல்நெஞ்சம் எனத் தோன்றலாம். அன்றென்பதைக் காலம் காட்டிற்று.

1916இல் அன்னையார் மகனிடமே வந்து தங்கி, அடியார்க்கு அன்னம் சமைத்தார். 1922 மே 19ஆம் நாள் அவருடைய இறுதி வேளையில் மகரிஷிகள் ஒரு கையை மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, உயிர் ஒடுங்கும் வரை அகலாதிருந்தார். மலையடியில் அன்னையார் சமாதியான இடத்திற்கே பின்னர்த் தாமும் இறங்கி வந்து தங்கினார். அதன்மேல் மாத்ருபூதேசுவரர் திருக்கோயில் எழுந்து, 1949 மார்ச் 17ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. மறு ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மகரிஷிகள் சோதியிற் கலந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அண்ணாமலையை விட்டு அவர் அகன்றாரில்லை.

காக்களூர்த் தொழிற்பேட்டையை நாடி, பிறந்த ஊரை விட்டு வந்தோர் பலர். அம்மையப்பனைத் தொழுங்கால், தொலைவில் வழிபார்த்திருக்கும் அன்னையையும் அவர் நினைவாராக. துறந்தவர்க்கும் தாய்க்கடன் உண்டெனின், இல்லறத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

திருச்சிற்றம்பலம்.