பதக்கம் பெற்ற கான்சாகிப்

மதுரையை ஆண்ட கான்சாகிப், முதலிலிருந்தே வெள்ளையரின் எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். கம்பெனியின் பழைய கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன! அவற்றைத் திரட்டி, ஹில் என்ற ஆங்கிலேயர் 1914-ல் நூலாக்கினார்.

பனையூரில் பிறந்த மருதநாயகம்தான் யூசுப்கான் ஆனார் என்பர். கம்பெனிச் சிப்பாய்களின் தளபதி அவர். திருச்சி முற்றுகையில் வெள்ளையருக்குத் தோள் கொடுத்தார். அவரது வீரத்தை மெச்சிக் கம்பெனி தங்கப் பதக்கம் அளித்தது! 1759-ல் மதுரை, நெல்லைச் சீமைகளின் நிர்வாகமும் கிடைத்தது.

ஆற்காட்டு நவாபுக்கு அது பிடிக்கவில்லை. பகை மூண்டது. கம்பெனி நவாபு பக்கம் சாய்ந்தது. 1763-ல் யூசுப்கான் எதிர்த்து நின்றார். பீரங்கிகளால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. தொழுகை நேரத்தில் உடனிருந்தவர்களே அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். பதக்கம் தந்த கம்பெனி, அவரை நவாபிடம் ஒப்படைத்தது. 1764 அக்டோபர் 15-ல் தூக்கு. இருமுறை கயிறு அறுந்ததாம்; அது மக்கள் சொல்லும் கதை. சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது.